வீட்டோடு பார்க்கப் பழைய பேய்ப் படங்கள்: கேள்வி பதில்

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய பழைய பேய்ப் படங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ரத்தம் தெறிக்கும் படங்களை இதில் சேர்க்கவில்லை.

வீட்டில் ஆறு வயதுப் பெண்ணும் பத்து வயதுப் பையனும் இருக்கிறார்கள். பேய்ப் படம் போடச் சொல்லி இரண்டு பேரும் நச்சரிக்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?
– வாசகி, திருச்சி

முதல் நாளே முழுநீளப் படம் வேண்டாம். டிஸ்னியின் 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்' (1929) என்ற கார்ட்டூனைப் போடுங்கள். ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நள்ளிரவு, கல்லறைத் தோட்டம், நான்கு எலும்புக்கூடுகள் எழுந்து வந்து ஆடுகின்றன. ஒன்றின் எலும்பை இன்னொன்று தட்டி வாசிக்கிறது. வசனமே கிடையாது, மொழிச் சிக்கலும் இல்லை. வரைந்தவர் அப் ஐவெர்க்ஸ், இசை கார்ல் ஸ்டாலிங். அசைவு ஒவ்வொன்றும் தாளத்தில் விழும். பார்க்கும்போது திரையை விடப் பெண்ணின் முகத்தைக் கவனியுங்கள். சிரித்தால் அடுத்த படிக்குப் போகலாம். கையால் கண்ணை மூடினால் ஒரு வருடம் பொறுங்கள்.

அடுத்தது சத்யஜித் ராயின் 'கூப்பி கைன் பாகா பைன்' (1969). பாடத் தெரியாத ஒருவனும் மத்தளம் அடிக்கத் தெரியாத ஒருவனும் காட்டில் பேய்களின் அரசனைச் சந்திக்கிறார்கள். அவன் மூன்று வரங்கள் தருகிறான். கைதட்டினால் சோறும் துணியும் வரும், செருப்பை மாட்டினால் நினைத்த ஊருக்குப் போகலாம், பாடினால் கேட்பவர் அசையாமல் நின்றுவிடுவார்கள். நடுவில் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பேய் நடனத்தில் ராஜாக்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்திக்காரர்கள் என்று நான்கு கூட்டம் ஆடும். அதற்கு ராய் எடுத்துக்கொண்டது நம்முடைய தாளவாத்தியக் கச்சேரியை. மிருதங்கமும் கஞ்சிராவும் கடமும் மோர்சிங்கும் பேய்களை ஆட்டுவிக்கின்றன. தமிழ்க் காதுக்கு அந்த நடனம் சட்டென்று பிடிபடும். படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதால் ஆறு வயதுக்கு இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டுவது நல்லது. பேய் அரசன் வரம் கொடுத்து முடித்த இடம் நிறுத்துவதற்கு ஏற்றது.

தமிழில் 'பட்டணத்தில் பூதம்' (1967) இருவருக்குமே பொருந்தும். ஜாவர் சீதாராமன் பூதமாக வருகிறார், பயத்தை விடச் சிரிப்புதான் அதிகம். பையனுக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டுமென்றால் 'அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' (1948), 83 நிமிடம். அதில் டிராகுலாவும் ஓநாய் மனிதனும் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமும் ஒரே கதையில் வருகிறார்கள். கோமாளித்தனம் முழுவதும் அபட், காஸ்டெல்லோ என்ற இரண்டு நாயகர்களுடையது. பெலா லுகோசி தன் டிராகுலாவைச் சிரிப்புக்காகத் தளர்த்தவே இல்லை, அசல் மிடுக்கோடு நடித்திருக்கிறார். பயமும் சிரிப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'வை இணையத்தில் பார்த்தேன். ராத்திரியில் மட்டும் நடமாட வேண்டிய காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். எல்லோரும் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். இதையா உலகமே கொண்டாடுகிறது?
– வாசகர், கோவை

நீங்கள் பார்த்தது கெட்டுப்போன பிரதி. படத்தைப் பற்றி முடிவுக்கு வருவதற்கு முன் நல்ல பிரதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தக் காலத்து ஃபில்ம் மந்தமானது. ராத்திரியில் வெளியே படமெடுக்கும் அளவுக்கு அதில் வெளிச்சம் பதியாது. அதனால் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்தார்கள். பிறகு பிரிண்ட்டைச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு எரியும் அறை, இளஞ்சிவப்பு என்றால் விடியல். 1922இல் கொட்டகையில் உட்கார்ந்தவருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பின்னாளில் நகலெடுத்தவர்கள் சாயத்தை விட்டுவிட்டு வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தார்கள். நீலம் போனதும் ராத்திரியும் போய்விட்டது. இந்தப் படத்தில் அந்த இழப்பு கதையையே குலைக்கிறது. ஏனென்றால் சூரிய ஒளி பட்டால் காட்டேரி அழிந்துபோவான் என்ற முடிவை முதலில் கொண்டுவந்தது இந்தப் படம்தான். பிராம் ஸ்டோக்கரின் 1897ஆம் ஆண்டு நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவார். இரவும் பகலும் பிரிந்து தெரியாவிட்டால் முடிவு புரியாது.

ஓட்டத்துக்கு வருவோம். மௌனப் படங்களை நொடிக்குச் சுமார் 18 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினார்கள். பேசும் படம் வந்தபின் 24 நிலைத்துவிட்டது. 18இல் ஓட வேண்டியதை 24இல் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடும், 94 நிமிடப் படம் 70 நிமிடத்தில் முடிந்துவிடும். பயம் ஊறுவதற்கு வேண்டிய நேரம் அங்கே பறிபோகிறது. ஆனால் ஒரு விஷயம்: காட்டேரியின் குதிரை வண்டி துள்ளித் துள்ளிப் பறப்பது மட்டும் பிழை கிடையாது. இயக்குநர் முர்னாவ் வேண்டுமென்றே அப்படி எடுத்தார். அதே பயணத்தில் சில நொடிகள் நெகட்டிவ்வையே காட்டுகிறார், காட்டு மரங்கள் வெள்ளையாகத் தெரியும். நல்ல பிரதியிலும் இந்த இரண்டும் அப்படியேதான் இருக்கும்.

பிரதியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஓடும் நேரம் 90 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும், நீலமும் மஞ்சளும் மாறி மாறி வர வேண்டும், காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்துப் பலகைகளில் காட்டேரியின் பெயர் 'ஓர்லோக்' என்று இருக்க வேண்டும். 'டிராகுலா' என்று இருந்தால் அது பிற்பாடு பெயர் மாற்றப்பட்ட அமெரிக்கப் பிரதி. ஸ்டோக்கரின் மனைவியிடம் அனுமதி வாங்காமல் எடுத்ததால்தான் ஜெர்மன்காரர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருந்தார்கள். அந்த அம்மையார் வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வாங்கினார். வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பியதால் படம் நமக்குக் கிடைத்தது. இசை ஹன்ஸ் எர்ட்மன் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, 1922 திரையீட்டுக்கு எழுதிய இசையை மீட்டெடுத்துச் சேர்த்த பிரதி அது.

1931ஆம் வருட 'டிராகுலா'வில் பின்னணி இசையே இல்லை. 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் கேட்கிறது. என் பிரதியில் ஒலி போய்விட்டதா?
– வாசகர், சேலம்

போகவில்லை. தலைப்பு ஓடும்போது சைக்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' கொஞ்சம் வரும், இசையரங்கக் காட்சியில் கொஞ்சம் வரும். அதைத் தாண்டிப் படத்தில் இசை கிடையாது. பேசும் படம் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத வாத்தியக் கோஷ்டி எங்கிருந்து வாசிக்கிறது என்று ஜனங்கள் குழம்புவார்கள் என ஸ்டுடியோக்கள் நினைத்த காலம். பின்னாளில் ஃபிலிப் கிளாஸ் ஒரு நால்வர் குழுவுக்காக இசை எழுதிச் சேர்த்தார், வட்டுகளில் அதைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. முதல் முறை இசை இல்லாமலே பாருங்கள். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, ஒலியை வழக்கத்தை விட இரண்டு மூன்று புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். லுகோசி ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் விடும் இடைவெளி அப்போதுதான் உறைக்கும்.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள். அதே அரங்குகளில், ஆங்கிலக் குழு வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரி ராத்திரியாக ஸ்பானிய மொழியில் வேறு நடிகர்களை வைத்து இதே கதையை எடுத்தார்கள். அது ஆங்கிலப் படத்தை விட ஏறக்குறைய அரை மணி நேரம் நீளம். கேமரா அதில் தாராளமாக நகர்கிறது. டிராகுலா படிக்கட்டில் முதன்முதலாகத் தோன்றும் காட்சியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், ஒரே படிக்கட்டு கேமரா நிற்கும் இடத்தால் எப்படி மாறிப்போகிறது என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். நடிப்பில் லுகோசிதான் ஒரு படி மேல், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

புது டிவி, 55 அங்குலம். ஆனாலும் பழைய படங்களில் இருட்டுக் காட்சி சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது, நடமாட்டம் மெகா சீரியல் மாதிரி தெரிகிறது. என்ன செய்வது?
– வாசகர், பாளையங்கோட்டை

கடையிலிருந்து வந்த அமைப்பிலேயே டிவி ஓடுகிறது. கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்கான அமைப்பு அது. மாற்றப் பத்து நிமிடம் போதும்.

முதலில் படத்தின் மோடை 'விவிட்' அல்லது 'டைனமிக்'கிலிருந்து 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். படம் மஞ்சளடித்ததுபோல் தோன்றும், இருபது நிமிடத்தில் கண் பழகிவிடும். அடுத்து சீரியல் தோற்றத்துக்குக் காரணமான மோஷன் வசதியை அணையுங்கள். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி' என்று இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள படத்தில் டிவியே நடுநடுவே இல்லாத ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகுகிறது, வழுக்கலாகத் தெரிவது அதனால்தான். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருந்தால் அதையும் அணையுங்கள். பழைய ஃபில்மில் இயல்பாகவே தெரியும் பொடி மணல் போன்ற புள்ளிகளை அது அழுக்கு என்று நினைத்துத் துடைக்கும்போது முகங்களின் தோலும் மூடுபனியும் சேர்ந்து மெழுகாகிவிடும்.

'ஈகோ' அல்லது மின்சேமிப்பு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. அறை இருட்டானதும் அது திரையையும் மங்கவைக்கும். இருட்டுப் படத்தை இருட்டு அறையில் பார்க்கும்போது இருமடங்கு நஷ்டம்.

கறுப்பைச் சரிசெய்யக் கறுப்புக் கோட்டு போட்ட ஆள் வரும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்பது கறுப்பின் அளவு, ஒளியின் அளவைப் 'பேக்லைட்' பார்த்துக்கொள்கிறது. கோட்டின் மடிப்பு தெரியாவிட்டால் பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுங்கள். மடிப்பு லேசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் கறுப்பே சாம்பலாகிவிடும், உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

பழைய படம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதை நிரப்ப 'ஜூம்' போட்டால் படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும், 'வைட்' போட்டால் பேய் குண்டாகிவிடும். பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். டியூப்லைட்டை அணைத்து, டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கு மட்டும் வையுங்கள். கண் களைக்காது, சின்னப் பிள்ளைகளும் முழு இருட்டில் மிரள மாட்டார்கள். இவ்வளவு செய்தும் நிழல்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் குறை இணைய வேகத்தில் இருக்கிறது. செயலியில் 'டேட்டா சேவர்' போட்டிருக்கிறதா பாருங்கள்.

கலர் சேர்த்த பிரதிகள் கிடைக்கின்றனவே, பிள்ளைகளுக்கு அவை சுலபமாக இருக்குமே?
– வாசகி, காஞ்சிபுரம்

வேண்டாம். 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931) படத்தில் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃப் முகத்துக்கு ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் பச்சை கலந்த சாம்பல் பூச்சு போட்டார். கறுப்பு வெள்ளை ஃபில்மில் அது பிண வெளுப்பாக விழும் என்று தெரிந்து செய்த வேலை. மேலே கலர் அடித்தால் அந்தக் கணக்கெல்லாம் பாழ். இந்தப் படத்தில் ஏரிக்கரையில் ஒரு சிறுமி வரும் காட்சி பல காலம் வெட்டப்பட்டு, 1980களில் திரும்பச் சேர்க்கப்பட்டது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் முழுப் பிரதிகள். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கூட இருந்தால் அந்தக் காட்சியை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

பேயைக் காட்டாமலே பயமுறுத்திய படங்கள் உண்டு என்கிறார்களே, எப்படி?
– வாசகர், மதுரை

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. என்ற கம்பெனியில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர் இருந்தார். கையில் பணம் குறைவு, படத்தின் தலைப்பைக் கூடக் கம்பெனிதான் கொடுக்கும். அப்படிக் கொடுத்த ஒரு தலைப்புக்கு எடுத்த படம் 'கேட் பீப்பிள்' (1942), இயக்கியவர் ஜாக் டூர்னர்.

அதில் ஒரு பெண் ராத்திரியில் பூங்காவை ஒட்டிய தெருவில் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தி. இரண்டு ஜோடிக் குதிகால் செருப்புகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. தெருவிளக்கின் வட்டத்துக்குள் வருகிறாள், இருட்டுக்குள் போகிறாள், அடுத்த வட்டம், மறுபடி இருட்டு. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் ஓட ஆரம்பிக்கிறாள். புலி உறுமுவதுபோல் ஒரு சீறலோடு திரைக்குள் பாய்ந்து வருவது ஒரு பஸ். அதன் பிரேக் சத்தம்தான் அது. இந்த உத்திக்கு இன்றுவரை சினிமாக்காரர்கள் 'லூட்டன் பஸ்' என்றே பேர் சொல்கிறார்கள்.

இப்போது வருகிற படங்களில் கதவு திறந்ததும் 'டமால்' என்று ஒலியைக் கூட்டுவது இதன் பேரன்தான். ஆனால் பேரனுக்குத் தாத்தாவின் பொறுமை கிடையாது. பஸ் வருவதற்கு முந்தைய நடையை வெட்டிவிட்டு பஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டால் உடம்பு தூக்கிப்போடும், மனதில் ஒன்றும் தங்காது. அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டு, செருப்புச் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று காதை மட்டும் வைத்துக் கேளுங்கள். பின்னால் வருபவள் இல்லை என்பதைப் படம் நமக்குச் சொல்லவில்லை, சத்தத்தை எடுத்துவிட்டு நம்மையே கண்டுபிடிக்க வைக்கிறது. அதே படத்தில் நீச்சல் குளக் காட்சியும் அப்படித்தான்: சுவரில் தண்ணீரின் அலை வெளிச்சம், எங்கிருந்தோ ஓர் உறுமல், ஒரு நிழல்.

லூட்டனிடம் தொழில் கற்றவர் ராபர்ட் வைஸ். அவர் 1963இல் எடுத்த 'தி ஹாண்டிங்' படத்தில் பேய் ஒரு ஃபிரேமில்கூட வராது. கதவு மட்டும் மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைத்து வளையும். வளைகிற மாதிரி அடுக்குப் பலகையில் செய்த கதவு அது, மறுபக்கம் நின்று அழுத்தியது மனிதக் கைதான். வீட்டின் வெளிப்புறத்தை இன்ஃப்ராரெட் ஃபில்மில் எடுத்தார்கள், வானம் கறுத்துக் கற்கள் வேறு மாதிரித் தெரியும். பனாவிஷன் கம்பெனி இன்னும் சரிசெய்து முடிக்காத ஓர் அகலக் கோண லென்ஸையும் வைஸ் கேட்டு வாங்கினார். ஓரங்கள் வளைந்து தெரியும், குறை இருப்பது தெரிந்தே வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுவர்கள் நேராக இல்லாததுபோல் நமக்குத் தோன்றுவது அந்த லென்ஸால்தான்.

ரத்தமே இல்லாவிட்டாலும் 'தி ஹாண்டிங்'கைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குக் கீழ் காட்டாதீர்கள். காணாத பேயைப் பிள்ளைகள் தாங்களே வரைந்துகொள்வார்கள், அது படத்தில் வரும் எந்தப் பேயையும் விடப் பெரிதாக இருக்கும்.

தமிழில் பழைய பேய்ப் படம் என்றாலே கடைசியில் 'யாரோ செய்த சதி' என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையான பேய்ப் படம் இருந்ததா?
– வாசகர், தஞ்சாவூர்

சதி என்று முடிவது தமிழில் மட்டும் இல்லை. பம்பாயிலிருந்து வந்த வழி அது. 'மஹல்' (1949) படத்தில் பாழடைந்த மாளிகை, ஆடும் ஊஞ்சல், தூரத்தில் பாடும் பெண் என்று ஓர் இலக்கணம் உருவானது. 'ஆயேகா ஆனேவாலா' பாட்டில் குரல் தூரத்திலிருந்து நெருங்கி வருவதற்கு அன்று கருவி எதுவும் இல்லை. மைக்கை நடு அறையில் வைத்துவிட்டு, லதா மங்கேஷ்கர் மூலையிலிருந்து பாடிக்கொண்டே மைக்கை நோக்கி நடந்தார். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த நடை காதில் விழும்.

இந்த வழியில் வந்த 'வோ கௌன் தீ' (1964) தமிழில் ஜெயலலிதா நடித்து 'யார் நீ?' (1966) ஆனது. 'நானே வருவேன்' பாட்டு அதில்தான். இந்தப் படங்களில் முடிவை விடுங்கள், நடுவில் வரும் பாட்டுதான் பேய். கதாநாயகன் பாட்டைத் துரத்திக்கொண்டு மூடுபனிக்குள் போகிறான், பல்லவி திரும்ப வரும்போதெல்லாம் அவள் வேறு இடத்தில் நிற்கிறாள். மேல்நாட்டுப் பேய்ப் படங்களில் இதற்கு ஈடான ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை.

சதி இல்லாமல் வேண்டுமென்றால் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963). முற்பிறவிக் கதை, கடைசிவரை அதை மறுத்துச் சமாதானம் சொல்வதில்லை. ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அந்தப் பழைய பங்களாவில் அவர் விழவைத்த நிழல்களைப் பாருங்கள். அடுத்த வருடமே அவர் மலையாளத்தில் இயக்குநராக எடுத்த முதல் படம் 'பார்கவி நிலையம்' (1964), கதை வசனம் வைக்கம் முகமது பஷீர். பேய் குடியிருக்கும் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன், அவளிடம் பேச்சுக் கொடுக்கிறான், அவள் கதையை எழுதுகிறான். பயத்தில் தொடங்கி இரக்கத்துக்குப் போகும் படம். இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள்.

'யு/ஏ 13+' என்று போடுகிறார்களே, பழைய படங்களுக்கு அது பொருந்துமா?
– வாசகி, வேலூர்

2024 முதல் பழைய 'யு/ஏ' மூன்றாகப் பிரிந்தது: 7+, 13+, 16+. அந்த வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது பொருள். பழைய படத்தின் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். எம்.ஜி.ஆரின் 'மர்மயோகி' (1951) ஆவி வரும் காட்சிகளுக்காகவே 'ஏ' வாங்கியது. இன்று பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக் கொட்டாவி விடும்.

படம் பார்த்த அன்று ராத்திரி என் மகள் தூங்காமல் அழுகிறாள்.
– வாசகி, நாகர்கோவில்

படத்தைச் சாயங்காலம் நான்கு மணிக்கு ஆரம்பித்து வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் புதுப் படம் வேண்டாம். பயந்துவிட்டாள் என்று தெரிந்ததும் படத்தை அணைக்கத் தோன்றும். அணைத்தால் பேய் ஜெயித்த இடத்திலேயே கதை நின்றுவிடும், ராத்திரி முழுவதும் அதுதான் ஓடும். முதலில் ஒலியைப் பாதியாகக் குறையுங்கள், பயத்தில் பெரும்பகுதி அதோடு இறங்கிவிடும். பிறகு முடிவு இன்னதுதான் என்று வாயால் சொல்லிவிட்டு, அவள் விரும்பினால் தொடருங்கள். 'இதுக்குப் போயா பயப்படுற' என்று கேட்காதீர்கள். சோறு ஊட்டும்போது அந்தப் படத்துப் பேயைப் பூச்சாண்டியாகக் கூப்பிடவே கூடாது, படம் கதையாக இருந்தது போய் வீட்டுக்குள் வந்துவிடும்.

'கோரலைன்' பார்க்கலாமா? பொம்மைப் படம்தானே?
– வாசகர், ஈரோடு

பொம்மைப் படம் என்று ஏமாந்துவிடாதீர்கள். ஹென்றி செலிக் இயக்கிய இரண்டில், 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' (1993) ஏழு வயதுக்குத் தாங்கும், 'கோரலைன்' (2009) ஒன்பது பத்துக்கு மேல்தான். முதலாவதில் பேய்கள் விளையாட்டுத்தனமானவை. இரண்டாவதில் அம்மாவைப் போலவே இருக்கும் ஒருத்தி, கண் இருக்கும் இடத்தில் பொத்தான். சின்னப் பிள்ளைக்கு அம்மா முகம் மாறுவதை விடப் பெரிய பயம் வேறில்லை.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் உருவமில்லாத மனிதனையும் கண்ணாடி மாதிரித் தெரியும் பேயையும் எப்படி எடுத்தார்கள்? பிள்ளைகளுக்கு வீட்டில் செய்து காட்ட முடியுமா?
– ஆசிரியை, விழுப்புரம்

'தி இன்விசிபிள் மேன்' (1933) படத்தில் சட்டை மட்டும் நடக்கும். ஜான் ஃபுல்ட்டன் என்பவர் அரங்கு முழுவதும் கறுப்பு வெல்வெட் போர்த்தி, நடிகருக்கும் தலை முதல் கால் வரை கறுப்பு வெல்வெட் மாட்டி, அதற்கு மேல் சட்டையும் கால்சட்டையும் போட்டு எடுத்தார். வெல்வெட் ஒளியைத் திருப்பி அனுப்பாது, ஃபில்மில் பதிவது உடுப்பு மட்டுமே. பிறகு அந்த உடுப்பை வேறு தனியாக எடுத்த அறைக் காட்சியோடு சேர்த்தார்கள். சிக்கல் எங்கே என்றால், வெல்வெட் உறை போட்ட கை சட்டைக்கு முன்னால் வந்துவிட்டால் சட்டையில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும். அதனால் நடிகர் கையைக் குறுக்கே கொண்டுவராமலே நடிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று கட்டுத்துணியை அவிழ்க்கும் காட்சிக்கு நான்கு தனித்தனிப் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள்.

கண்ணாடிப் பேயை வீட்டில் செய்யலாம். 1862இல் லண்டனில் ஜான் பெப்பர் என்ற விஞ்ஞானி மேடையில் காட்டிய வித்தை அது. ஒரு பெரிய செருப்புப் பெட்டியின் உட்புறம் முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். குட்டையான பக்கம் ஒன்றைப் பார்ப்பதற்காக வெட்டி எடுங்கள். பெட்டிக்குள், அந்தத் திறப்பிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி, போட்டோ சட்டத்துக் கண்ணாடி ஒன்றை 45 டிகிரி சாய்கோணத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள், ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். கண்ணாடியின் முன்பக்கம் எந்தப் பக்கச் சுவரைப் பார்க்கிறதோ, அந்தச் சுவரில் ஒரு சதுரம் வெட்டி, அதற்கு வெளியே வெள்ளைப் பொம்மையை வையுங்கள். பொம்மைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி தொங்கட்டும். முன்னாலிருந்து பார்ப்பவர் கண்ணில் பொம்மை நேராகப் படக்கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன நாற்காலி பொம்மை. அறை விளக்கை அணைத்து, வெள்ளைப் பொம்மை மேல் மட்டும் டார்ச் அடித்தால், நாற்காலியில் ஆவி உட்கார்ந்திருக்கும். டார்ச்சை மெல்ல விலக்கினால் கரைந்துபோகும்.

ஆவி தெரியவில்லை என்றால் டார்ச் வெளிச்சம் கண்ணாடியிலோ பின்சுவரிலோ நேராக விழுகிறது, ஓர் அட்டையை வைத்து மறையுங்கள். இரண்டு இரண்டாகத் தெரிந்தால் கண்ணாடி தடிமன் அதிகம். முன்பரப்பும் பின்பரப்பும் தனித்தனியாகப் பிரதிபலிக்கின்றன, 2 மி.மீ. கண்ணாடி போதும். நாற்காலியில் உட்காராமல் அந்தரத்தில் நின்றால், பொம்மைக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரமும் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரமும் சமமாக இல்லை என்று அர்த்தம். கண்ணாடி விளிம்பு கையைக் கிழிக்கும், டேப் ஒட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

சப்டைட்டில் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மௌனப் படம் எப்படிக் காட்டுவது?
– வாசகர், புதுச்சேரி

நீங்களே கதைசொல்லி ஆகுங்கள். ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள், பென்ஷி என்று பேர். முந்தின நாள் ஒருமுறை பார்த்து, எழுத்துப் பலகைகளை ஒரு தாளில் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பலகை வரும்போது மட்டும் வாசியுங்கள். ஓர்லோக்கின் நிழல் படிக்கட்டில் ஏறும்போது பலகை எதுவும் வராது, அந்த இடத்தில் நீங்களும் பேசாதீர்கள்.